சேதுக்கரையில் எபிரேயத் தீர்க்கதரிசிகள்

இராமேசுவரம் தீவில், இராமநாதசுவாமி கோயிலின் நெடிய பிராகாரங்களைக் காண வரும் யாத்திரிகரில் பெரும்பாலோர் திரும்பிப் பாராமலே கடந்துபோகும் ஓரிடத்தில், சாதாரண மனித உடலின் அளவை வெகுவாக மிஞ்சிய நீளமுடைய இரண்டு சமாதிகள் இருக்கின்றன. ஆபில் காபில் தர்கா என்று அவ்விடத்தை ஊரார் அழைக்கின்றனர். ஆதம் நபியின் மக்களாகிய ஆபிலும் காபிலும், அதாவது விவிலியம் ஆபேல் என்றும் காயீன் என்றும் குறிப்பிடும் முதற் சகோதரர் இருவரும், அங்கே அடங்கியிருப்பதாக ஐதிகம். இலங்கையில் ஆதம் மலை, நடுக்கடலில் ஆதம் பாலம், இக்கரையில் ஆதமின் பிள்ளைகள் என்று ஓர் ஆதிக் குடும்பத்தின் சரித்திரம் முழுவதையும் மன்னார் வளைகுடாவைச் சுற்றியே அமைத்துக்கொண்ட கடலோடிகளின் கற்பனையைச் சரித்திர ஆராய்ச்சியாளனால் மெய்ப்பிக்கவும் இயலாது. பொய்ப்பிக்க முயல்வதும் வீண் வேலை. ஆயினும், கொலையுண்டவனையும் கொன்றவனையும் ஒரே வளாகத்தில் வைத்து இருவருக்கும் ஒப்ப மரியாதை செலுத்தும் அந்த ஏற்பாடு நின்று சிந்திக்கத் தக்கது.

ஆதியாகமத்தின் கதையை ஊன்றிப் படிப்பவர்க்கு ஒரு விசித்திரம் புலப்படும். தம்பியைக் கொன்ற காயீனைத் தேவன் சபித்து நாடோடியாக்குகிறார். ஆனால் வழியிலே காண்பவன் எவனும் அவனைக் கொன்றுவிடாதபடி அவன்மீது ஓர் அடையாளத்தையும் இடுகிறார். இராவண சங்காரத்தால் நேர்ந்த பிரமகத்தி தோஷம் நீங்கும்பொருட்டு இராமபிரான் லிங்கப் பிரதிஷ்டை செய்து வழிபட்ட ஸ்தலம் என்று புராணங்கள் கொண்டாடும் ஒரு தீவிலே, கொன்றவனுக்கும் ஒதுங்க இடமுண்டு என்னும் எபிரேயக் கதை வந்து கரையேறியது தற்செயலாகவே இருக்கலாம். வந்த கதை அங்கே நிலைத்துவிட்டதற்கு, அந்த மண்ணில் முன்பே ஊறியிருந்த பிராயச்சித்தச் சிந்தனை துணைசெய்திருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

எபிரேயத் தீர்க்கதரிசிகளின் அற்புதங்களைத் தெய்வ வல்லமையின் பிரத்தியட்சமாகப் பிரசங்கிப்பதே வழக்கம். வானத்திலிருந்து அக்கினி இறங்குவதும், நதி இரண்டாகப் பிளப்பதும் கேட்போர் மனத்தை எளிதில் கவர்வன. ஆனால் எலியா, எலிசா, யோனா ஆகிய மூவரின் கதைகளையும் பொறுமையாகப் புரட்டினால், அற்புதங்களில் மிகுதியானவை பானையில் மா, கலயத்தில் எண்ணெய், தலைமேல் கடன், உடம்பில் நோய், வானத்தில் மழை என்று ஏழைக் குடித்தனத்தின் அன்றாடத் தேவைகளைச் சுற்றியே நிகழ்வதையும், அவற்றில் முக்கியமானவற்றின் பயன் அயலானுக்கும் சத்துருவுக்கும் போய்ச் சேருவதையும் காணலாம். இவ்விரண்டு இயல்புகளும் இராமநாதபுரத்துக் கரையிலிருந்து நோக்கும்போது மிகத் தெளிவாகத் துலங்குகின்றன என்பதே இக்கட்டுரையின் கருத்து.

இக்கதைகள் இக்கரைக்கு இரு வழியாக வந்தன. அரபிக் குதிரைகளும் முத்தும் கைமாறிய காயல்பட்டினம், கீழக்கரைத் துறைகளின் வழியே, குர்ஆனும் அதன் விரிவுரைகளும் கூறும் நபிமார்களின் சரித்திரங்கள் முதலில் வந்து சேர்ந்தன. இல்யாஸ் (எலியா), அல்யஸஃ (எலிசா), யூனுஸ் (யோனா), அய்யூப் என்னும் திருநாமங்கள் மரக்காயர் வீடுகளில் பிள்ளைப் பெயர்களாயின. 1572-இல் வண்ணப்பரிமளப் புலவர் இயற்றிய ஆயிர மசலா, நபிகள் நாயகத்திடம் ஒரு யூத அறிஞர் கேட்ட வினாக்களையும் பெற்ற விடைகளையும் கூறும் நூல். முழுமையாகக் கிடைக்கும் இஸ்லாமியத் தமிழ் நூல்களில் மிகப் பழையதே எபிரேய மரபினன் ஒருவனின் ஐயங்களை விளக்கும் உரையாடலாக அமைந்தது கவனிக்கத்தக்கது. கீழக்கரை வள்ளல் சீதக்காதியின் ஆதரவும் சதக்கத்துல்லா அப்பாவின் வழிகாட்டலும் பெற்று உமறுப் புலவர் சீறாப்புராணம் பாடத் தொடங்கியபோது, ஆதம் நபி முதலான வம்ச வரிசையைத் தலைமுறைப் படலத்தில் சொல்லியே கதைக்குள் புகுந்தார். மற்றொரு வழி கத்தோலிக்கக் குருமாருடையது. 1549-இல் மண்டபத்துக்கு அருகிலுள்ள வேதாளையில், தம் மக்களைப் படகேற்றிவிட்டுத் தாம் கரையில் நின்று உயிர்துறந்த அந்தோனி கிரிமினாலி என்னும் இயேசு சபைத் துறவி முதலாக, அவ்வழியில் வந்தோர் பலர்.

முதலில் மழையைப் பார்ப்போம். ஏனெனில் இந்த ஜில்லாவில் எல்லாப் பேச்சும் கடைசியில் மழையில்தான் போய் முடியும்.

கிறிஸ்துவுக்கு முன் ஒன்பதாம் நூற்றாண்டில் ஆகாப் என்னும் அரசன் இசரவேலை ஆண்டான். அவன் கதாபாத்திரம் மட்டுமல்லன், கி.மு. 853-இல் கர்க்கார் என்னுமிடத்தில் தன்னை எதிர்த்து நின்ற அரசர்களின் வரிசையில் அவன் பெயரை அசீரிய மன்னன் கல்லில் பொறித்து வைத்திருக்கிறான். ஆகாபின் காலத்தில் பனியும் மழையும் பெய்யா என்று எலியா அறிவித்துவிட்டு, ஓர் ஓடைக்கரையில் மறைந்து வாழ்கிறார். காகங்கள் அப்பமும் இறைச்சியும் கொணர்கின்றன. ஓடையும் வற்றுகிறது. ஊரைத் தண்டிக்கும் வறட்சி அதை அறிவித்தவரையும் விட்டுவைக்கவில்லை என்பதைக் கதையாசிரியர் சொல்லாமற் சொல்லிச் செல்கிறார். பிறகு தேவன் அவரை அனுப்புவது எங்கே? சீதோன் நாட்டுச் சாறிபாத் என்னும் கடற்கரை ஊருக்கு. சீதோனிய அரசன் மகளாகிய யேசபேல், ஆகாபின் பட்டத்தரசியாயிருந்து எலியாவின் சகாக்களை வேட்டையாடிக்கொண்டிருந்தவள். அவளுடைய பிறந்தகத்து விதவை ஒருத்தி, மகனோடு உண்டு மடிவதற்கென்று கடைசிப் பிடி மாவைச் சுட்டெடுக்கச் சுள்ளி பொறுக்கிக்கொண்டிருந்தவள், யேசபேலுக்குப் பகைவனான தீர்க்கதரிசிக்கு முதல் அடையைச் சுட்டுக் கொடுக்கிறாள். மா தீரவில்லை, எண்ணெயும் குறையவில்லை. யார் யாரைக் காப்பாற்றினார்கள் என்று கேட்டால், விடை ஒன்றாயிராது.

இதைத் தாது வருஷப் பஞ்சத்தின் நினைவை 1876 முதல் தலைமுறை தலைமுறையாகச் சுமந்துவந்த ஒரு பிரதேசத்தில் சொல்லிப் பார்க்க வேண்டும். பிடிக்காத உத்தியோகஸ்தரை மேலதிகாரி ‘தண்ணியில்லாக் காட்டுக்கு’ மாற்றிவிடுவதாக மிரட்டினால், அந்தக் காடு எதுவென்று தமிழ்நாட்டில் யாரும் விளக்கம் கேட்பதில்லை. மேற்கு மலையில் பிறந்த வைகை, வழியெல்லாம் கண்மாய்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்தபின், எஞ்சியதைக் கொண்டு இராமநாதபுரம் பெரிய கண்மாயை அடைந்து ஓய்கிறது. மற்றக் கண்மாய்கள் ஐப்பசி கார்த்திகையில் கடலிலிருந்து எழும் வடகிழக்குப் பருவத்து மேகத்தையே நம்பியிருக்கின்றன. பாலஸ்தீனத்தின் நிலையும் ஏறக்குறைய இதுவே. அங்கும் நைல் போன்ற பெருநதி இல்லை. ஐப்பசி தொடங்கிப் பங்குனி வரையிலான முன்மாரியும் பின்மாரியும் கடற்புறத்திலிருந்தே வர வேண்டும். ஆகவே, கர்மேல் மலையின் உச்சியில் எலியா முழங்கால்களுக்கிடையே முகம் புதைத்திருக்க, அவருடைய வேலைக்காரன் ஆறு தடவை கடலைப் பார்த்து ஒன்றுமில்லை என்று திரும்பி, ஏழாந் தடவை மனிதன் உள்ளங்கை அளவு மேகமொன்று சமுத்திரத்திலிருந்து எழும்புகிறதென்று சொல்லும் கட்டம், ஐரோப்பிய வாசகனுக்கு அழகிய சித்திரமாய் நின்றுவிட, தேவிபட்டினத்திலோ தொண்டியிலோ ஐப்பசி பிறந்தும் வானம் வெளுத்திருக்கக் கிழக்கே கண்வைத்திருக்கும் சம்சாரிக்குத் தன் வீட்டுச் செய்தியாகவே படும்.

வறட்சிக்கு யார் காரணம் என்ற வழக்கும் அக்கதையில் உண்டு. இசரவேலைக் கலங்கப்பண்ணுகிறவன் நீயா என்று ஆகாப் கேட்க, நானல்ல, நீயும் உன் தகப்பன் வீட்டாருமே என்று எலியா திருப்புகிறார். தமிழ்நாட்டுக் கிராமங்களில் மழை பொய்த்தால் கொடும்பாவி கட்டி இழுப்பதன் கருத்தும் இதுவே: நாட்டில் எவனோ செய்த பாவம் வானத்தை அடைத்துவிட்டது, அவனை வைக்கோல் உருவமாக்கித் தெருத்தெருவாக இழுத்து ஒப்பாரிவைத்து எரித்தால் அடைப்பு நீங்கும். வித்தியாசம் ஒன்றுண்டு. நம் கொடும்பாவிக்குப் பெயர் கிடையாது. எலியா பெயரைச் சொல்லிவிட்டார். அதுவும் அரசன் முகத்துக்கு நேரே.

மழைக்கு அடுத்தபடி கடன். எலிசாவிடம் ஒரு விதவை வந்து முறையிடுகிறாள்: புருஷன் இறந்துவிட்டான், கடன்காரன் இரண்டு பிள்ளைகளையும் அடிமைகளாக்கிக்கொள்ள வந்து நிற்கிறான். வீட்டில் என்ன இருக்கிறதென்று எலிசா கேட்க, ஒரு குடுவை எண்ணெயைத் தவிர ஒன்றுமில்லை என்கிறாள். அண்டை அயலாரிடம் வெறும் பாத்திரங்களைக் கேட்டு வாங்கிக் கதவைச் சாத்திக்கொண்டு வார்க்கச் சொல்கிறார். பாத்திரம் தீர்ந்ததும் எண்ணெய் நின்றுவிடுகிறது. விற்றுக் கடனை அடைத்து, மிஞ்சியதைக் கொண்டு ஜீவிக்கும்படி சொல்லிவிடுகிறார். புதையலும் கிடைக்கவில்லை, கடன்காரனை இடி விழுந்து தாக்கவுமில்லை. அயல்வீட்டார் இரவல் கொடுத்த பாத்திரங்களின் தொகையே அற்புதத்தின் அளவாயிற்று.

கடனுக்காகப் பிள்ளைகள் கடல் கடந்தது இக்கரைக்கு அந்நிய அநுபவமன்று. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்ற கூலிகள், கங்காணி முன்பணமாகக் கொடுத்த கடனைச் சுமந்தே புறப்பட்டனர். அந்தக் கடன் எழுதிய ‘துண்டு’ இல்லாமல் ஒரு தோட்டத்தை விட்டு மற்றொரு தோட்டத்துக்குப் போகவும் முடியாது. புதிய துரை பழைய கடனைச் செலுத்தினால் ஆள் கைமாறுவான். 1921-இல் அம்முறை சட்டத்தால் ஒழிக்கப்படும்வரை இதுவே நடைமுறை. பாம்பன் பாலமும் தனுஷ்கோடி, தலைமன்னார்க் கப்பலும் 1914-இல் ஏற்பட்டபின் அந்த ஜனத்திரள் போன பாதை இதுவே. மண்டபத்தில் இலங்கை அரசாங்கம் நடத்திய முகாமில் நோய்ச் சோதனைக்காகத் தங்கியிருந்தே அவர்கள் அக்கரை போயினர். இந்தப் பின்னணியை அறிந்தவன் எண்ணெய்க் குடுவையின் கதையைக் குழந்தைகளுக்கான வேடிக்கைக் கதையென்று தள்ளமாட்டான்.

நோயின் கதைதான் இவை எல்லாவற்றிலும் ஆழமானது. நாகமான் சீரிய அரசனின் படைத்தலைவன், குஷ்டரோகி. அவன் படைகள் இசரவேலிலிருந்து சிறைபிடித்துவந்த ஒரு சிறுபெண் அவன் மனைவிக்குப் பணிவிடை செய்கிறாள். சமாரியாவிலுள்ள தீர்க்கதரிசியிடத்தில் போனால் எஜமானின் நோய் தீருமே என்று முதலில் வாய்விட்டுச் சொன்னவள் அவள். தன்னை வீட்டிலிருந்து பறித்தவன் பிழைக்க வேண்டுமென்று விரும்பிய அந்தப் பெயரில்லாப் பெண்ணின் மனமே அக்கதையின் முதல் அற்புதம் என்பேன். பின்னால் வருவதெல்லாம் அதன் விளைவு. வெள்ளியும் பொன்னும் ஆடைகளுமாக வந்த சேனாபதியை எலிசா வாசலுக்கு வந்து பார்க்கவுமில்லை. யோர்தானில் ஏழு தரம் முழுகு என்று ஆள் மூலம் சொல்லியனுப்புகிறார். எங்கள் தமஸ்குவின் நதிகள் இதைவிட நல்லவை அல்லவா என்று சீறிய நாகமானை அவனுடைய ஊழியக்காரரே தேற்றி அழைத்துச் செல்கின்றனர். எளியோர் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் அவனுக்கு நன்மை உண்டாவதைக் கவனிக்க வேண்டும்.

இக்கதைக்கு மிக அருகில் வரும் ஒரு சம்பவம் மறவர் சீமையின் சரித்திரத்தில் உண்டு. லிஸ்பன் நகரத்துப் பிரபு குலத்தில் 1647-இல் பிறந்து, காவி உடுத்துத் தமிழ்ப் பண்டாரசுவாமியாக வாழ்ந்த ஜான் தெ பிரிட்டோ என்னும் அருளானந்தர், 1686-இல் சிறைப்பட்டுச் சித்திரவதைக்குள்ளாகி, இனி இச்சீமையில் போதிக்கலாகாது என்னும் கட்டளையோடு விடுவிக்கப்பட்டவர். போர்ச்சுகல் சென்று மீண்டும் திரும்பி வந்தார். அப்போது சேது நாட்டை ஆண்டவர் கிழவன் சேதுபதி என்று பிரசித்திபெற்ற இரகுநாதர். அரச குலத்தில் பாத்தியதை உடைய தடியத்தேவர் கொடிய நோயில் வீழ்ந்து, வைத்தியமும் வேண்டுதலும் பலிக்காத நிலையில், அருளானந்தரின் உபதேசியார் ஒருவர் வந்து ஜெபம் சொல்லச் சுகமடைந்ததாக இயேசு சபை வரலாறு கூறுகிறது. 1693 ஜனவரியில் அவர் ஞானஸ்நானம் பெற்றார். சபையின் விதிப்படி ஒரு மனைவியை மாத்திரம் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்க நேர்ந்தது. விலக்கப்பட்டவர்களில் ஒருத்தி சேதுபதியின் உடன்பிறந்தாள் மகள். அவளுடைய கண்ணீர் அரண்மனையை எட்டியது. அருளானந்தர் ஓரியூருக்கு அனுப்பப்பட்டு, 1693 பிப்ரவரி 4-ஆம் தேதி தலை வெட்டுண்டு மாண்டார்.

நாகமானும் நோய் நீங்கியபின் எலிசாவிடம் ஒரு சங்கடத்தைச் சொன்னான். என் அரசன் ரிம்மோன் கோயிலில் பணியும்போது என் கையின்மேல் சாய்வான். நானும் குனிய வேண்டிவரும். அதை மன்னிக்க வேண்டும் என்றான். எலிசா நிபந்தனை ஒன்றும் விதியாமல் சமாதானத்தோடு போகச் சொன்னார். அருளானந்தருக்கு அந்தச் சுதந்தரம் இருக்கவில்லை. உடையிலும் உணவிலும் ஜாதி ஆசாரத்திலும் தமிழ்நாட்டு வழக்கத்துக்கு வெகுதூரம் இணங்கிவந்ததாகிய, அருளானந்தர் பணிசெய்த மதுரை மிஷன், விவாக விஷயத்தில் அணுவளவும் இணங்க முடியாதென்றிருந்தது. அதைக் குறை கூறுவது என் நோக்கமன்று; தள்ளப்பட்ட அந்தப் பெண்ணின் பக்கத்திலிருந்தும் கதையைக் கேட்க வேண்டும் என்று மட்டும் தோன்றுகிறது. தடியத்தேவருக்கு வாய்த்த கிருபை அவள்மீது அநீதியாக விழுந்தது. பெயரில்லாச் சிறுமியின் வாயால் தொடங்கிய அற்புதத்தையும், ஒரு பெண்ணின் கண்ணீரில் முடிந்த அற்புதத்தையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், எலிசாவின் விட்டுக்கொடுப்பு எவ்வளவு அரிய குணம் என்பது விளங்கும்.

நாகமான் ஊர் திரும்பும்போது, இரண்டு கோவேறு கழுதைகள் சுமக்கத்தக்க இசரவேலின் மண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனான். ஓரியூருக்கு வருவோர், அருளானந்தரின் இரத்தம் சிந்திச் சிவந்ததாக நம்பப்படும் மண்ணை நோய்க்கு மருந்தென்று முடிந்து எடுத்துச் செல்கின்றனர். இராமேசுவரத்து மணலைக் காசிக்குக் கொண்டுபோய்க் கங்கையில் கரைத்து, கங்கை நீரை இங்கே கொணர்ந்து அபிஷேகம் செய்வது அதற்கும் வெகு காலத்துக்கு முந்திய சம்பிரதாயம். புனித மண்ணைக் கையிலெடுத்துப் போகும் மனிதனை எந்த மதமும் திருத்திவிடவில்லை; எலிசாவும் நாகமானைத் தடுக்கவில்லை.

வினோதமான ஒரு பொருத்தம் இங்கே சொல்ல வேண்டியது. அருளானந்தரைத் தண்டித்த அதே கிழவன் சேதுபதியின் நண்பராய் விளங்கியவர் சீதக்காதி. பஞ்ச காலத்தில் அன்னமிட்ட அவர் மறைந்தபின், தாமதித்து வந்த புலவர் சமாதியில் நின்று அழ, மண்ணிலிருந்து மோதிரக் கை வெளிப்பட்டதாகச் சொல்லும் கதையும், செத்தும் கொடுத்தான் என்னும் பழமொழியும் தமிழர் யாவரும் அறிந்தவை. எலிசா இறந்து அடக்கமானபின், கொள்ளைக்காரரைக் கண்டு அஞ்சியவர்கள் ஒரு பிணத்தை அவர் கல்லறையில் போட்டுவிட்டு ஓட, அவருடைய எலும்புகள் பட்டதும் அப்பிணம் உயிர்த்தெழுந்து நின்றதாக இராஜாக்கள் புத்தகம் கூறுகிறது. கருணைக்குப் பேர்போனவர் சாவோடு நின்றுவிட மாட்டார் என்னும் எதிர்பார்ப்பு, இரண்டு கரைகளில் ஒரே வடிவில் முளைத்திருக்கிறது.

கேயாசியையும் மறக்கக்கூடாது. நாகமான் கொடுக்க வந்து எலிசா மறுத்த காணிக்கையை, அவருடைய வேலைக்காரனாகிய கேயாசி பின்னால் ஓடிப்போய்ப் பொய் சொல்லி வாங்கிக்கொள்கிறான். நாகமானை விட்ட குஷ்டம் அவனைப் பற்றுகிறது. சுகத்தை விலைக்கு விற்பவன்மேல் எபிரேயக் கதாசிரியர் காட்டும் கடுமை அவ்வளவு. இக்கரையிலும் அதை நினைவூட்டும் ஒரு சம்பவம் உண்டு. மதீனாவிலிருந்து வந்தவராகக் கூறப்படும் சுல்தான் சையிது இபுராகீம் சகீது அடங்கிய ஏர்வாடி தர்காவுக்கு, சித்தப்பிரமை கொண்டோரை ஜாதி மத பேதமின்றி அழைத்துவருவது நெடுநாள் வழக்கம். அந்த நம்பிக்கையைச் சுற்றித் தனியார் பலர் கொட்டகை போட்டுக் காப்பகம் நடத்தலாயினர். 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி விடியற்காலையில் அவற்றில் ஒன்று தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 நோயாளிகள் ஓட வழியின்றி மாண்டனர். உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து அவ்விஷயத்தை விசாரணைக்கு எடுத்தது. அற்புதத்தை நாடி வந்தவர்களின் பேதைமையைப் பழிப்பது சுலபம். வைத்தியசாலை எட்டாத தூரத்தில் இருந்த ஏழைக் குடும்பங்கள் வேறு எங்கே போயிருக்கும்? கேயாசியின் கதை பழிப்பது நோயாளியையன்று.

தீர்க்கதரிசிகளின் கதைகள் முழுவதும் கருணையே என்று சொல்லவும் முடியாது. கர்மேலில் எலியாவின் வேண்டுதலுக்கு அக்கினி இறங்கிய பகலிலேயே, எதிர்த்தரப்பில் நின்ற பாகால் என்னும் தெய்வத்தின் தீர்க்கதரிசிகள் 450 பேரைக் கீசோன் ஆற்றங்கரையில் எலியா வெட்டுவிக்கிறார். தம்மைப் பரிகசித்த பிள்ளைகளை எலிசா சபிக்க, கரடிகள் வந்து 42 பேரைப் பீறிப்போடுகின்றன. வியாக்கியானக்காரர் எத்தனை சமாதானம் சொன்னாலும் இவை உறுத்தத்தான் செய்யும். ஒன்று சொல்லலாம்: அந்த வெற்றிக்குப் பிறகு எலியா களிகூரவில்லை, வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின்கீழ் உட்கார்ந்து சாவை வேண்டுகிறார். ஒரேபு மலையில் பெருங்காற்றிலும் பூமியதிர்ச்சியிலும் அக்கினியிலும் இல்லாத தேவன் மெல்லிய குரலில் அவரோடு பேசுகிறார். அக்கினியை நம்பியவருக்கு அது ஒரு திருத்தமாகவே அமைந்தது.

அற்புதம் ஏன் ஒருவருக்கு மட்டும் என்ற கேள்வியும் உண்டு. எலியா காலத்தில் இசரவேலில் விதவைகள் அநேகர் இருந்தும் அவர் அனுப்பப்பட்டது சாறிபாத்துக்கே; எலிசா காலத்தில் குஷ்டரோகிகள் அநேகர் இருந்தும் சுத்தமானவன் சீரியனே என்று நாசரேத்து ஜெபாலயத்தில் இயேசு எடுத்துக்காட்டியபோது, கேட்டவர்கள் கோபமூண்டு அவரை மலைவிளிம்பிலிருந்து தள்ளிவிட எழுந்தார்கள் என்று லூக்கா எழுதுகிறார். அயலானுக்குக் கிருபை போவதைப் பொறுக்காத மனமே அக்கோபத்துக்குக் காரணம். நமக்கு எழும் கேள்வி வேறு. 1964 டிசம்பர் 22-ஆம் தேதி இரவு தனுஷ்கோடியைக் கடல் கொண்டபோது, பாம்பனிலிருந்து சென்ற பாசஞ்சர் ரயில் வண்டியோடு அதிலிருந்தவர்கள் அனைவரும் அலையில் மறைந்தனர். அந்த இரவுக்கு எபிரேயக் கதைகளில் விடை இருப்பதாகக் காட்டுவது நேர்மையாகாது.

கடலைச் சொல்லும்போது யோனாவைச் சொல்லாதிருக்க முடியாது. கிறிஸ்தவர்க்கு யோனா, முஸ்லிம்களுக்கு யூனுஸ் நபி. கொடிய பகைவனாகிய அசீரியனின் தலைநகரமான நினிவேக்குப் போய் எச்சரிக்கும்படி ஏவப்பட்டவர், மேற்கே தர்ஷீசுக்குக் கப்பலேறி ஓடுகிறார். புயல் எழுகிறது. தோணிக்காரர் வழக்கப்படியே சரக்கைக் கடலில் எறிகிறார்கள். சீட்டுப் போட்டுப் பார்க்கிறார்கள். என்னைத் தூக்கி எறியுங்கள் என்று யோனாவே சொன்ன பிறகும், அவரை எறிய மனமின்றிக் கரைசேர்க்கத் தண்டு வலிக்கிறார்கள் அந்தப் புறஜாதி மாலுமிகள். மீன் விழுங்கியதையே யாவரும் பேசுகின்றனர்; இந்தத் தண்டு வலித்தலைப் பேசுவோர் குறைவு. கடல்தொழிலை அறிந்த கரையில் இது கவனத்துக்குத் தவறாது. மீன் வயிற்றின் இருளில் யூனுஸ் நபி செய்த பிரார்த்தனையைத் துன்ப வேளைகளில் ஓதுவது முஸ்லிம்களிடம் இன்றும் உள்ள வழக்கம்.

யோனாவின் புத்தகம் பாபிலோனியச் சிறையிருப்புக்குப் பிற்பட்டது என்பது ஆராய்ச்சியாளரில் பெரும்பாலோர் துணிபு. அப்படியானால், அதை முதலில் படித்தவர்கள் அசீரியர் சமாரியாவை அழித்ததையும், பின்னர் கி.மு. 612-இல் நினிவேயும் அழிந்ததையும் அறிந்தவர்கள். சாம்பலாய்ப் போன சத்துருவின் நகரத்துக்குக் கதையிலாவது மன்னிப்பு வாங்கித் தந்த அந்த ஆசிரியனின் துணிவு பெரிது. நினிவேயின் ராஜா சாம்பலில் உட்கார்ந்து, மனிதரும் மாடும் ஆடும் உபவாசிக்க வேண்டும், ஒவ்வொருவனும் தன் கைகளிலுள்ள கொடுமையை விட்டுத் திரும்ப வேண்டும் என்று கட்டளையிடுகிறான். நகரம் தப்புகிறது, யோனா கோபங்கொள்கிறார். நிழல் தந்த ஆமணக்குச் செடி பட்டுப்போனதற்கு இரங்கும் நீ, வலக்கை இடக்கை அறியாத இலட்சத்து இருபதினாயிரத்துக்கு மேற்பட்ட மனிதரும் அநேக மிருகஜீவன்களும் உள்ள நகரத்துக்கு நான் இரங்கலாகாதா என்று தேவன் கேட்பதோடு புத்தகம் நின்றுவிடுகிறது. யோனாவின் பதில் எழுதப்படவில்லை. குர்ஆனில் செடி சுரையினம். வேதனை நெருங்கிவிட்ட தறுவாயில் விசுவாசித்துத் தப்பிய ஊர் யூனுஸ் நபியின் சமூகத்தாருடையதே என்று அது தனித்துச் சுட்டுகிறது. அந்நினிவேயின் மேட்டில், மோசுல் நகரத்தில், அவர் பெயரால் நின்ற பள்ளிவாசல் 2014 ஜூலையில் தீவிரவாதிகளால் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது.

இந்நினிவேயின் உபவாசம் பிற்காலத்து மழைவேண்டுதலோடு இணைந்த வரலாறு சுவையானது. கி.பி. 200-ஐ ஒட்டித் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்னும் யூதச் சட்டத்தொகுப்பில், மழை பொய்த்தால் நோன்பிருக்கும் முறை விரிவாகக் கூறப்படுகிறது. வேதப்பேழையைத் தெருவுக்குக் கொணர்ந்து அதன்மேல் சாம்பலிடுவர். சபையில் மூத்தவர் எழுந்து, நினிவே மக்களின் இரட்டுடையையும் உபவாசத்தையும் தேவன் கண்டார் என்று வேதம் சொல்லவில்லை, அவர்கள் செய்கையைக் கண்டார் என்றே சொல்லுகிறது என ஜனங்களுக்கு நினைவூட்டுவார். தமிழ்நாட்டுக் கடற்கரை முஸ்லிம்கள் பெரும்பாலும் பின்பற்றும் ஷாஃபி மத்ஹபில் பிரமாணமாகக் கொள்ளப்படும் நூல்களுள் ஒன்று, பதின்மூன்றாம் நூற்றாண்டில் இமாம் நவவி இயற்றிய மின்ஹாஜ். மழைத்தொழுகைக்கு அது வகுக்கும் விதியும் இதற்கு வெகு அணித்தாக வருகிறது: முதலில் மூன்று நாள் நோன்பு, அத்துடன், பிறருக்கு இழைத்த அநீதிகளை நீக்கிக்கொள்ளுதல், நான்காம் நாள், அலங்காரமில்லாத அன்றாட உடையில், பணிவோடு வெட்டவெளிக்குச் செல்லுதல். குழந்தைகளையும் முதியோரையும் உடன் அழைத்துச் செல்ல வேண்டும். முஸ்லிமல்லாதார் அங்கே வந்தால் தடுக்கலாகாது. நினிவேயில் போலவே, கால்நடைகளையும் ஓட்டிச்செல்ல வேண்டும்.